நதன்ஸில் வேலை செய்தவர்கள் எங்கே?

அலெக்ஸ் கிப்னி என்ற அமெரிக்க இயக்குநர் 2016இல் வெளியிட்ட 'ஸீரோ டேய்ஸ்' ஆவணப்படத்தை இதுவரை பார்க்காதவர்கள் ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும். ஈரானின் நதன்ஸ் யுரேனியம் செறிவூட்டல் நிலையத்துக்குள் ஸ்டக்ஸ்நெட் என்ற கணினி வைரஸ் புகுந்த கதை அது. நம்மவர்கள் இந்த விசயத்தை வட்ஸ்அப்பில் "யூத சதி" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஓர் அரசின் உளவுத்துறை செய்ததை ஒரு சமயத்தவர் தலையில் போடுவது ஒரு பிழை. அமெரிக்காவின் பங்கு அதில் காணாமல் போவது இன்னொன்று.

வைரஸ் வேலை செய்த விதத்தைப் படம் நன்றாகவே விளங்கப்படுத்துகிறது. நதன்ஸின் கட்டுப்பாட்டுக் கணினிகள் இணையத்தோடு தொடுக்கப்பட்டவை அல்ல. வைரஸோ பென் ட்ரைவிலும் ஏறிப் பயணிக்கக் கூடியது. உள்ளே போனதும் சீமென்ஸ் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தேடிப் பிடிக்கும். சென்ரிபியூஜ் எனப்படும் மையநீக்கி செக்கனுக்கு 1,064 தடவை சுழல வேண்டியது. அதை 1,410 வரை ஏற்று, பிறகு 2 வரை இறக்கு என்று கட்டளை கொடுக்கும். வால்வுகளைத் தாக்குவதற்கென எழுதப்பட்ட பகுதி இன்னும் பொல்லாதது. இயந்திரங்கள் ஒழுங்காக ஓடும்போது 21 செக்கன் அளவீடுகளைப் பதிந்து வைத்துக்கொண்டு, தாக்கும் நேரத்தில் அதையே திரும்பத் திரும்பக் காட்டும். அங்கே இயந்திரம் கெட்டுக்கொண்டிருக்கும், திரையிலோ எல்லாம் சுகம்.

இந்த இடத்தில்தான் எனக்குப் படத்தோடு மனத்தாங்கல். அந்தத் திரைக்கு முன்னால் ஒரு மனிதன் இருந்தானே, அவன் எங்கே?

படத்தில் கதைப்பவர்களை எண்ணிப் பாருங்கள். வைரஸைப் பிரித்துப் பார்த்த சிமன்டெக் நிறுவனத்தின் எரிக் சியென், லியாம் ஓமுர்ச்சு, ஜேர்மனியரான ரால்ப் லாங்னர், சீஐஏயின் முன்னாள் தலைவர் மைக்கல் ஹேடன், சர்வதேச அணுசக்தி முகவரகத்தில் இருந்த ஒல்லி ஹெய்னோனன். முகம் காட்ட முடியாத அமெரிக்க உளவு ஊழியர்கள் பலரின் வாக்குமூலங்களை ஒன்றாக்கி, ஒரு நடிகையை வைத்துப் பேசவும் வைத்திருக்கிறார் கிப்னி. நல்ல உத்திதான். ஆனால் நாடகம் படிப்பிக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும்: மேடையில் யாருக்கு வசனம் இருக்கிறதோ அவர் பக்கம்தான் சபையின் மனம் சாயும். தாக்கியவர்களின் மனச்சாட்சிக்கு ஒரு முகம் கிடைத்தது. தாக்கப்பட்ட நதன்ஸ் ஊழியனுக்கு ஒரு நிழல்கூடக் கிடைக்கவில்லை.

அதனால் படத்தின் கோபமும் திசை மாறிவிடுகிறது. வாஷிங்டன் வாய் திறக்கவில்லையே, இஸ்ரேல் அவசரப்பட்டு வைரஸை உலகெங்கும் பரவ விட்டுவிட்டதே என்றுதான் கிப்னி ஆத்திரப்படுகிறார். அந்த ஆத்திரம் நியாயமானதுதான். இரகசியம் வெளியே வராமல் எல்லாம் கச்சிதமாக முடிந்திருந்தால்? அப்போதும் இது அநியாயமா என்ற கேள்வியைப் படம் அழுத்திக் கேட்கவே இல்லை. இந்த நடவடிக்கையை வெளிக்கொண்டு வந்த செய்தியாளர் டேவிட் சேங்கர் எழுதியபடி, ஈரானியப் பொறியியலாளர்கள் தாங்களே முட்டாள்கள் என்று நம்ப வேண்டும் என்பதும் இதன் நோக்கங்களில் ஒன்று. படித்த ஒருவனைத் தன் படிப்பின் மீதே ஐயப்பட வைக்கிற வேலை இது. ஒரு முழுப்படத்துக்குப் போதுமான விசயம், இங்கே வந்த வேகத்தில் போய்விடுகிறது.

தெஹ்ரானையும் சும்மா விட முடியாது. நதன்ஸ் நிலையம் பற்றி 2002இல் எதிரணியினர் வெளியே சொல்லித்தான் உலகுக்குத் தெரியவந்தது. இரண்டு பக்கமும் இப்படி மூடி மறைத்தால் நடுவில் நிற்கிற ஊழியன் யாரிடம் போய்ச் சொல்வான்? 2010 நவம்பரில் மஜீத் ஷஹ்ரியாரி, 2012 ஜனவரியில் நதன்ஸோடு தொடர்புபட்ட முஸ்தபா அஹ்மதி ரோஷன் என்று விஞ்ஞானிகள் தெஹ்ரான் வீதிகளில் குண்டு வைத்துக் கொல்லப்பட்டார்கள். ரோஷனோடு அவருடைய சாரதியும் போனார்.

படம் பார்த்தவர்கள் கிம் ஸெட்டர் 2014இல் எழுதிய 'கவுண்ட்டவுன் டு ஸீரோ டே' நூலையும் தேடி வாசிக்கலாம். 2010 ஜனவரியில் நடப்பதோடு அது தொடங்குகிறது. வெள்ளைக் கோட்டு அணிந்த ஊழியர்கள் மையநீக்கிகளைக் கழற்றி வழமையை விட அதிகமாக வெளியே கொண்டுபோவதை முகவரகத்தின் கண்காணிப்புக் கமராக்கள் பிடித்திருந்தன. அந்த ஊழியர்களுக்கு அங்கேயும் பெயர் இல்லை.