இழவும் சான்றும்: ‘பனிமனிதன்’ படநூலும் அதன் அசைவூட்டப் படமும்

குழந்தை இலக்கியம் திரைக்கு மாறும்போது, மூலத்தில் இல்லாத ஒன்றைச் சேர்ப்பது பெரும்பாலும் குறையாகவே கருதப்படுகிறது. வணிக நோக்கிற்குச் செய்த சேர்க்கை என்றும், மூலத்தின் துயரைத் தணிக்கும் இனிப்பு என்றும் அதனை ஒதுக்குவோர் உளர். இங்கிலாந்தின் ரேமண்ட் பிரிக்ஸ் 1978இல் வெளியிட்ட ‘தி ஸ்னோமேன்’ (பனிமனிதன்) என்னும் படநூலும், டயான் ஜாக்சன் இயக்கத்தில் 1982இல் வெளிவந்த அதன் அசைவூட்டப் படமும் இக்கருத்தை மீளாய்வு செய்யத் தூண்டுகின்றன.

பிரிக்ஸின் நூல் சொற்களற்றது. வண்ணப் பென்சிலால் வரையப்பட்ட கட்டங்களின் வரிசையே கதையைச் சொல்கிறது. சிறுவன் ஒருவன் பனியால் ஓர் உருவம் செய்கிறான். இரவில் அது உயிர்பெறுகிறது. சிறுவன் அதனை வீட்டிற்குள் அழைத்துச் சென்று பொருள்களைக் காட்டுகிறான். பின்னர் இருவரும் தென்கடற்கரை நகரான பிரைட்டன் வரை பறந்து மீள்கின்றனர். விடிந்தபின் பனிமனிதன் உருகிக் கிடக்கிறான். இந்நூலில் கிறிஸ்துமஸ் இல்லை. குளிர்காலம் மட்டுமே உண்டு.

1982 டிசம்பர் 26 அன்று, அவ்வாண்டு நவம்பரில் தொடங்கப்பெற்ற ‘சேனல் 4’ தொலைக்காட்சியில் ஏறத்தாழ 26 நிமிடப் படமாக இது ஒளிபரப்பானது. சிறந்த அசைவூட்டக் குறும்படத்திற்கான ஆஸ்கர் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. வண்ணப் பென்சிலின் சொரசொரப்பைத் திரையிலும் காப்பாற்றிய இப்படம், கதையில் மூன்று மாற்றங்களைச் செய்தது. வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் இடம்பெற்றது. பறத்தல் பிரைட்டனோடு நில்லாமல் வடதுருவம்வரை நீண்டது. அங்கே கிறிஸ்துமஸ் தாத்தாவும் பனிமனிதர் கூட்டமும் விருந்தயர்கின்றனர். சிறுவனுக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா ஒரு கழுத்துத்துணியைப் (மப்ளர்) பரிசளிக்கிறார். தம் கதைக்கும் கிறிஸ்துமஸுக்கும் தொடர்பில்லை என்று பிரிக்ஸ் முதலில் தயங்கியதும், அம்மாற்றம் படத்தில் நன்கு பொருந்தியதெனப் பிற்காலத்தில் ஏற்றதும் குறிப்பிடத்தக்கன.

இவற்றுள் முதலிரண்டும் பண்டிகைக் காலப் பார்வையாளரை நோக்கியவை எனலாம். வடதுருவ விருந்தில் கதையின் தனிமை சற்றுக் கலைவதையும் மறுக்க இயலாது. இருவருக்குள் மட்டும் நிகழ்ந்த உறவு அங்கே கூட்டத்துள் கரைகிறது. ஆனால் மூன்றாவது மாற்றம் வேறு தன்மையது.

நூலின் முடிவில் ஓர் ஐயம் நிலைக்கிறது. முதல்நாள் பனியுருவம் செய்தது உண்மை. அது உருகியதும் உண்மை. இடைப்பட்ட இரவு கனவா நனவா என்பதற்கு நூல் விடை கூறவில்லை. ‘எல்லாம் கனவே’ என்று தேற்றிக்கொள்ள வாசகருக்கு ஒரு வழி திறந்தே இருக்கிறது. படத்தின் முடிவில் சிறுவன் உருகிய பனியின்முன் நின்று தன் சட்டைப்பையில் கைவிடுகிறான். இரவில் பெற்ற கழுத்துத்துணி அங்கே இருக்கிறது. இரவு உண்மை என்பதற்கு அது சான்று. அக்கணமே கனவு என்னும் ஆறுதல் அடைபடுகிறது. இரவு உண்மையெனில் நட்பு உண்மை. நட்பு உண்மையெனில் இழந்ததும் ஓர் உயிரே. அவன் பனியில் மண்டியிட, படம் அவனிடமிருந்து மெல்ல விலகி முடிகிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறும். இவற்றுள் இழவு என்பது சுற்றத்தாரை இழத்தலையும் நுகர்ச்சிக்குரியவற்றை இழத்தலையும் அடக்கும் என்பர் உரையாசிரியர். திரைப்படம் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. பொருள் கையில் நிற்கிறது, தோழன் இல்லை. பொருள் எஞ்சுவதாலேயே தோழனின் இன்மை மிகுந்து தோன்றுகிறது. பின்னர்ச் சேர்க்கப்பெற்ற ஒரு தொடக்கக் காட்சியில், பாடகர் டேவிட் போவி வளர்ந்த மனிதராகத் தோன்றி, பழைய கழுத்துத்துணியை இழுப்பறையிலிருந்து எடுக்கிறார். ஆண்டுகள் கழிந்தும் அச்சான்று ஆறுதலாக மாறாமல் நினைவாகவே நிற்பதை அது உணர்த்துகிறது.

நூலின் சொல்லின்மையைப் படமும் போற்றியது. மாந்தர் உரையாடுவதில்லை. ஹோவர்ட் பிளேக்கின் இசையே உரையாடலின் இடத்தை நிரப்புகிறது. பறக்கும் காட்சியில் மட்டும் சிறுவர் குழுப்பாடகர் பீட்டர் ஆட்டியின் குரலில் ஒரு பாடல் ஒலிக்கிறது. இறுதிக்காட்சியில் விளக்கம் கூறவோ தேற்றவோ எக்குரலும் எழவில்லை. சான்றைக் கையில் கொடுத்த படம், அதற்குப் பொருள் கூறும் பொறுப்பைச் சிறுவனிடமும் பார்வையாளரிடமும் விட்டுவிடுகிறது.

பிரிக்ஸ் 1971இல் பெற்றோர் இருவரையும், 1973இல் மனைவியையும் இழந்தவர். பனிமனிதன் உருகுவது இயல்பானது, தவிர்க்க இயலாதது என்பதே அவர் நிலைப்பாடு. கிறிஸ்துமஸ் என்னும் கொண்டாட்டச் சூழலைச் சேர்த்தபோதும், திரைப்படம் இத்தவிர்க்கவியலாமையைத் தளர்த்தவில்லை. பரிசு தந்த கிறிஸ்துமஸ் தாத்தாவும் பனிமனிதனைக் காக்கவில்லை. நிகழ்ச்சிகளில் மூலத்தைப் பிரிந்தும் இழவில் மூலத்தைவிட ஆழச் சென்றது இப்படம். தழுவலை மதிப்பிடுவோர், சேர்க்கப்பட்டது எது என்பதோடு நில்லாமல், அச்சேர்க்கை மூலத்தின் உணர்வை எத்திசையில் நகர்த்துகிறது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.