கீபோர்டு முன்னே ஒரு தேக்குப் பலகை

விற்பனைப் பக்கத்தில் எல்லாம் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் மின்னும் தேக்கு, பக்கத்தில் காபிக் கோப்பை, இழைப்புளி பிடித்த ஒரு கை, தரையில் சுருள் சுருளாக மரச்சீவல். நீளம் 360 மில்லிமீட்டர், அகலம் 80 என்றும் போட்டிருந்தது. உயரத்தைத்தான் காணோம். மெக்கானிக்கல் கீபோர்டுக்கு முன்னால் வைத்து உள்ளங்கையை ஊன்றிக்கொள்ளும் மர ரிஸ்ட் ரெஸ்டில், முதலில் பார்க்க வேண்டிய அளவே அதுதான்.

நீளத்தில் பெரிய குழப்பம் வராது. எண் பகுதியோடு வரும் முழுக் கீபோர்டு சுமார் 440 மி.மீ.; எண் பகுதி இல்லாத டிகேஎல் சுமார் 360; இன்னும் சிறிய 60 சதவீத வகை 300-ஐ ஒட்டி. உயரமோ மாடலுக்கு மாடல் மாறும். ஆப்பிளின் மேஜிக் கீபோர்டு முன்விளிம்பில் 4 மி.மீ. சொச்சம்தான். அதன் முன்னால் 18 மி.மீ. கட்டையைப் போட்டால், விரல்கள் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கித் தட்ட வேண்டும். பருமனான மெக்கானிக்கல் கீபோர்டுகளுக்கு அதே கட்டை சரியாக இருக்கலாம், தாழ்வாகவும் போகலாம்.

ஸ்கேலை மேசையில் நிறுத்தி முன்விளிம்பை அளந்து, அந்த எண்ணை விற்பவருக்கு அனுப்பிவிடுவது உத்தமம். இந்த விமர்சனத்துக்காக வாங்கிய பலகைக்கும் அப்படித்தான் கேட்கப்பட்டது. 18 மி.மீ.தான் வழக்கம், வேண்டுமென்றால் 20-ல் செய்து தரலாம் என்று பதில் வந்தது. கடையில் தொங்கும் ஃபோம் ரெஸ்டில் இரண்டு மி.மீ. கூட்டித் தரச் சொல்லி யாரிடம் கேட்பது? பட்டறையிலிருந்து நேராக வாங்குவதில் உள்ள லாபம் இது.

பலகை வந்ததும் மேல்பக்கத்தைத் தடவிப் பார்த்துத் திருப்தியாகிவிடக் கூடாது. முனைகளைப் பார்க்க வேண்டும். மேலே நீளவாக்கில் ஓடும் ரேகைகள் முனையில் வளையக் கோடுகளாகத் தொடர்ந்தால் அது முழு மரம். விளிம்போடு ரேகை நின்று, முனையில் மாவை அழுத்தியது போன்ற பரப்பு தெரிந்தால், அது மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் மேல் ஒட்டிய வினியர் என்னும் மெல்லிய மரத்தகடு. இந்தப் பலகை முதல் வகைதான். ஆனால் ஒரு ஓரத்தில் விரல் அகலத்துக்கு வெளிறிய பட்டை இருந்தது. வைரம் பாயாத வெளிமரம் அது. தேக்கின் பேர்பெற்ற நீடித்த உழைப்பும் பூச்சி அரிக்காத குணமும் வைரத்துக்கு உரியவை. வெளிமரத்துக்கு அவை கிடையாது. படத்தில் அந்த ஓரம் நிழலில் போயிருந்தது.

அடிப்பக்கத்தில் சீரான இடைவெளியில் மெல்லிய இணைகோடுகள். வடிவத்தை வெட்டியது இயந்திரம், மேலே உப்புத்தாள் போட்டது கை என்று அவை காட்டிக்கொடுக்கின்றன. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. கைவினைப் பொருள்களுக்கென்றே 2005-ல் தொடங்கிய எட்சி தளமே, வெளித் தயாரிப்பாளர்களைக் கொண்டு செய்த பொருள்களை 2013-ல் அனுமதித்துவிட்டது. கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்தில் வெட்டினால் அளவு பிசகாது. கை வேலைக்கென்று கூடுதல் விலை கேட்கும்போது மட்டும், அந்தக் கை எங்கே பட்டது என்று கேட்டுக்கொள்வது நியாயம்.

மரத்தின் பெயரிலும் கவனம் தேவை. ‘இந்தியன் ரோஸ்வுட்’ என்று இணையத்தில் விற்கப்படுவதில் பெரும்பகுதி வட இந்தியச் சீஷம். தமிழ்நாட்டில் ஈட்டி, தோதகத்தி என்று சொல்லப்படும் மரம் வேறு. அதைக் காக்க 1994-ல் தனிச் சட்டமே வந்தது. சீஷம் தேக்கைவிடக் கடினமான, நல்ல மரம்தான். ஆனால் ஈட்டியின் பெயரைச் சொல்லி ஈட்டியின் விலையைக் கேட்டால் யோசிக்கலாம். வால்நட் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருவது என்பதால் விலை ஏறும்.

சென்னை மாதிரிக் கடலோர ஊரில் மரத்துக்கு ஓய்வே கிடையாது. பகலில் ஏசியில் காயும், இரவில் ஈரம் குடிக்கும். ஆண்டு வளையத்தின் போக்கில் மரம் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைப் போலச் சுமார் இரண்டு மடங்கு. சரியாகக் காயாத பலகை கோணிப்போவது இந்த வித்தியாசத்தால்தான். கண்ணாடி மேல் வைத்து நான்கு மூலையையும் மாற்றி மாற்றி அழுத்தினால் போதும். ஆட்டம் இருந்தால் தெரிந்துவிடும். இது ஆடவில்லை. சுருங்கும் குணம் குறைவான தேக்கைத் தேர்ந்தெடுத்ததன் பலன்.

பாலிஷ் எண்ணெய், தேன்மெழுகு வகை. கைக்கு இதமாக இருக்கிறது, வியர்வையில் பிசுபிசுப்பதில்லை. ஆனால் உள்ளங்கை படும் இடங்கள் சீக்கிரம் கருத்து, இரண்டு நிழல்கள் போலத் தெரிய ஆரம்பித்தன. அவ்வப்போது துடைத்து எண்ணெய் பூச வேண்டும். அந்த வேலை வேண்டாம் என்பவர்களுக்கு பாலியூரித்தேன் பூச்சு சரிப்படும். தொட்டால் மட்டும் பிளாஸ்டிக் போல இருக்கும்.

இனி முக்கியமான குறை. மணிக்கட்டுப் பக்க விளிம்பைப் போதுமான அளவு உருட்டவில்லை. நெடுநேரம் தட்டினால் அந்தக் கோடு தோலில் பதிகிறது. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓஷா அமைப்பு, ரிஸ்ட் ரெஸ்ட் கீபோர்டின் முன்விளிம்போடு உயரத்திலும் சரிவிலும் பொருந்த வேண்டும், அழுத்தம் உள்ளங்கையின் அடிப்பகுதியில் விழ வேண்டும், மணிக்கட்டில் அல்ல என்கிறது. தட்டும்போது கை அந்தரத்தில் நகர வேண்டும், இடைவெளியில்தான் ஊன்ற வேண்டும் என்பதும் அதன் அறிவுரை. அது பரிந்துரைப்பது மெத்தென்ற வகையை. மரம் விட்டுக்கொடுக்காது என்பதால், விளிம்பில் நடந்த தவறு நேராகக் கையில் தெரிகிறது. 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய் பூசியதும் குறை தீர்ந்தது. 1,350 ரூபாயும் கூரியர் செலவும் கொடுத்தவர் செய்ய வேண்டிய வேலையா அது என்பது வேறு கேள்வி.

சொன்னதற்கும் வந்ததற்கும் பொருந்தவில்லை என்றால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள். ஆனால் பக்கத்தில் உயரமே எழுதப்படவில்லை என்றால் எதோடு ஒப்பிட்டு வாதாடுவது? ஆகவே எல்லாம் சாட்டில் எழுத்தாக இருக்கட்டும்.

உயரமான மெக்கானிக்கல் கீபோர்டு வைத்திருந்து, இடையிடையே கையை ஊன்றி யோசிப்பவர்களுக்கு இந்தப் பலகை பொருந்தும். தட்டையான கீபோர்டுக்காரர்களுக்கும், ஏற்கெனவே மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கும் வேண்டாம். ஆர்டர் போடும் முன் நான்கு விஷயங்களைக் கேட்கலாம்: முன்பக்க, பின்பக்க உயரம் எத்தனை மி.மீ., மரத்தின் சரியான பெயர் என்ன, பாலிஷ் எந்த வகை, முனையையும் அடிப்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்ப முடியுமா. கடைசிக் கேள்விக்குப் பதில் வராவிட்டால் வேறு பட்டறை பார்க்கலாம்.