ரப்பர் டயர் போட்டால் பிரீமியமா?

ஹாட் வீல்ஸ் பிரீமியம் காரை, சாதா காரை விட சில மடங்கு விலை கொடுத்து வாங்குகிறோம். உலோக உடல், உலோக அடித்தட்டு, 'ரியல் ரைடர்ஸ்' ரப்பர் டயர், விளக்கு வரைக்கும் பெயின்ட். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. என் குறை அளவில்.

1:64 என்று நாம் சொல்லிக்கொள்வதைக் கணக்கு போட்டுப் பாருங்க. 1964 மாடல் இம்பாலா நிஜத்தில் சுமார் 5.33 மீட்டர். 64-ஆல் வகுத்தால் 83 மி.மீ. பழைய மினி 3.05 மீட்டர், அதாவது 48 மி.மீ. இம்பாலாவில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஆனா இங்கே மினி ஊதியிருக்கு, இம்பாலா சுருங்கியிருக்கு. பக்கத்துல வச்சா மினியோட அழகே போயிடுது. அது சின்னது என்பதுதானே அந்தக் காரோட கதை!

சாதா காரில் இதை மன்னிக்கலாம். எல்லாம் ஒரே ஆரஞ்சு டிராக்கில் ஓடணும், ஒரே மாதிரி அட்டையில் அடங்கணும். ரப்பர் டயர் போட்ட காரை யார் டிராக்கில் விடுறாங்க? (என் பையன் விட்டான், அது வேற கதை.) காரணம் போயும் பழக்கம் போகலை.

ஜப்பானின் டொமிகாவும் பெட்டிக்கேற்ப அளவை மாத்தும். ஆனா எந்த அளவு என்பதை ஒவ்வொரு காரின் அடியிலும் அச்சிட்டிடும். 2004-ல் வந்த டொமிகா லிமிடெட் விண்டேஜ் வரிசையில் 1/64 என்றால் 1/64. குட்டி சுபாரு 360 அங்கே குட்டியாவே, 47 மி.மீ. அளவில்தான் நிக்குது. டயர் எதுவானாலும், என் காசு அதுக்குத்தான்.