ஆறு குண்டு யாருக்குப் போதவில்லை?

அமெரிக்கப் போலீஸின் ரிவால்வர் வரலாறு பெரும்பாலும் ஒரு முன்னேற்றக் கதையாடலாகவே கட்டமைக்கப்படுகிறது. ஆளுக்கொரு துப்பாக்கி என்றிருந்த நியூயார்க் படைக்கு 1896இல் .32 கோல்ட்டைப் பொதுவாக்கினார் தியோடர் ரூஸ்வெல்ட், அப்போது அங்கே போலீஸ் வாரியத் தலைவர். பிறகு .38 வந்தது, அரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்டது. 1986 மயாமி மோதலில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இருவர் இறக்க, ஆறு குண்டு போதாதுன்னு முடிவாயிற்று. 1993இல் நியூயார்க்கும் அரைத்தானியங்கிக்கு மாறத் தொடங்கியது. கதை சுபம்.

இந்தப் பிரதியில் சாகிறவர் எப்போதும் போலீஸ்காரர்தான். சுடப்பட்டவனுக்கு ஒரு வாக்கியம்கூடக் கிடையாது. யாருக்குப் போதாது என்று நான் கேட்பது அதனால்தான்.

பிராங்ஸ், 1999 பிப்ரவரி 4. கினியிலிருந்து வந்த அமடூ டியாலோ தன் வீட்டு வாசலில் நிற்கிறார். நிராயுதபாணி, அவர் எடுத்தது பர்ஸ். நான்கு போலீஸ்காரர்கள் 41 முறை சுட்டார்கள், 19 குண்டுகள் பட்டன. இருவர் மட்டும் ஆளுக்கு 16. ரிவால்வராக இருந்திருந்தால் நால்வருக்கும் சேர்த்து 24தான்; மறுபடி நிரப்புகிற இடைவெளியில் ஒருத்தனாவது அந்தப் பர்ஸைப் பார்த்திருக்கலாம். பார்த்திருக்க மாட்டான் என்றும் வாதிடலாம்.

ரிவால்வரைப் புனிதப்படுத்துவது என் வேலையில்லை. 1964இல் அதே நகரத்தில் ஜேம்ஸ் பவல் என்ற 15 வயதுக் கறுப்பினச் சிறுவனைக் கொல்ல ஒரு போலீஸ் அதிகாரிக்கு மூன்று தடவை சுட்டதே போதுமாயிருந்தது. ஹார்லெம் கொந்தளித்தது. ஆயுதம் மாறியது, குறி மாறவில்லை. டியாலோ வழக்கை ஆல்பனிக்கு மாற்றினார்கள். 2000இல் நால்வரும் விடுதலை.