மலைக் கஞ்சாச் செடியும் பனியன் துணியும்: ஒரு விமர்சனக் குறிப்பு

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி விற்பனையாகிறது. அங்கே ரகத்தின் பெயர், வளர்க்கிற கம்பெனி, மணம், வீரியம் என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டு விமர்சனம் எழுத ஒரு கூட்டமே இருக்கிறது. நம்ம ஊரில் அப்படி எழுத வழியும் இல்லை, எனக்கு அதில் ஆர்வமும் இல்லை. ஆனால் அதே செடியின் தண்டிலிருந்து உரிக்கிற நார் திருப்பூருக்குள் வந்து கொஞ்ச காலம் ஆகிறது. ‘ஹெம்ப்’ என்று டேக் போட்டு, இமயமலைப் படம் அச்சடித்து, சாதாரண காட்டன் டீ-ஷர்ட்டை விட நல்ல விலைக்கு விற்கிறார்கள். அதனால் இந்தக் குறிப்பில் மூன்றை எடைபோடப் போகிறேன்: மலையில் விளைகிற ரகம், அதை வைத்துத் தொழில் தொடங்கிய ஒரு கம்பெனி, கடைசியில் நம் கைக்கு வருகிற துணி.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம்

தமிழில் ஹெம்ப்புக்கு ‘சணல்’ என்று எழுதுகிறார்கள். பாதிக் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கோணிப்பை தைக்கிற சணல் என்பது ஜூட். அது வங்காளத்துப் பயிர், வேறு குடும்பம். நம் காட்டில் தழை உரத்துக்கு விதைத்து மடக்கி உழுகிற சணப்பை இன்னொன்று. அது அவரைக் குடும்பம். புளிச்சகீரைச் செடியின் தண்டிலும் நார் உண்டு. அதன் இலை கஞ்சா இலை மாதிரியே விரிந்திருப்பதால் தாவரவியலில் ‘ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் அது செம்பருத்திக்குச் சொந்தம்.

ஹெம்ப் இந்த மூன்றும் இல்லை. அது கன்னாபிஸ் சட்டைவா, அதாவது அசல் கஞ்சாச் செடியேதான். ‘கேன்வாஸ்’ என்ற சொல்லே இந்தச் செடியின் பெயரிலிருந்து வந்தது. பூவில் போதை, தண்டில் நார், விதையில் எண்ணெய். 1985ஆம் வருட போதைப்பொருள் சட்டம் ‘கஞ்சா’ என்று சொல்வது பூத்த அல்லது காய்த்த நுனியைத்தான். நுனியோடு சேராத விதையும் இலையும் அந்த வரையறைக்குள் வராது. அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு, நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட அரசு அனுமதி தரலாம் என்கிறது. சட்டத்தில் கதவு இருக்கு, சாவி அரசாங்கத்தின் கையில் இருக்கு. 2018இல் உத்தராகண்ட் முதல் ஆளாக அந்தக் கதவைத் திறந்து தொழில்முறைச் சாகுபடிக்கு உரிமம் கொடுத்தது.

ரகம் எப்படி?

குமாவூன், கர்வால் மலைகளில் இந்தச் செடியைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்திருக்கிறார்கள். அங்கே பேர் ‘பாங்’. விதையை வறுத்துச் சட்னி அரைப்பார்கள். நாரை உரித்துக் கயிறு திரிப்பார்கள். முரட்டுத் துணி நெய்து ‘பங்கேலா’ என்று கட்டிக்கொண்டார்கள். நெருக்கி விதைத்தால் செடி கிளை விடாமல் நெடுநெடுவென்று போகும். அப்போதுதான் நீள நார் கிடைக்கும். ஆண் செடி தனி, பெண் செடி தனி. மெல்லிய நார் ஆண் செடியில், விதை பெண் செடியில். ஒரே வயலில் உணவும் உடையும் எடுக்கத் தெரிந்த மக்கள் தேர்ந்து வைத்திருக்கிற ரகம் இது. அந்த வகையில் இதற்கு முழு மார்க் போடலாம்.

சிக்கல் ஒரு எண்ணில் இருக்கிறது: 0.3 சதவீதம். டி.எச்.சி. என்கிற போதைச் சத்து இதற்குள் இருந்தால்தான் உரிமம் செல்லும். தாண்டினால் சட்டத்தின் கண்ணில் அது நார்ப்பயிர் கிடையாது, கஞ்சாப் பயிர். ஐரோப்பாவிலும் இப்போது இதே 0.3தான், 2023க்கு முன்னால் 0.2 ஆக இருந்தது. மலை ரகத்தை யாரும் இந்த எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. சட்னிக்கும் கயிற்றுக்கும் அந்த எண் எதற்கு?

‘சரி, டி.எச்.சி. குறைந்த விதையை வாங்கிப் போட்டால் போச்சு’ என்று தோன்றும். அங்கேதான் செடியின் குணம் குறுக்கே வருகிறது. இதன் மகரந்தம் காற்றில் போகும், வெகு தூரம் போகும். மலைச்சரிவிலும் சாலையோரத்திலும் இதே செடி தானாக முளைத்துக் கிடக்கிறது. இந்த வருடம் சுத்தமான விதை போட்டாலும், அதிலிருந்து எடுத்து வைக்கிற அடுத்த வருட விதை எந்த அப்பனுக்குப் பிறந்தது என்று சொல்ல முடியாது. ஆக, சட்டத்துக்குள் நிற்க வேண்டுமென்றால் விவசாயி வருடா வருடம் சான்று பெற்ற விதையை விலைக்கு வாங்கியாக வேண்டும். பிரான்ஸில் ஃபெடோரா 17, ஃப்யூச்சுரா 75 என்று பதிவு செய்த ரகங்களை வைத்து இப்படித்தான் நடத்துகிறார்கள்.

கொங்குப் பக்கத்துப் பருத்திக்காரர்களுக்கு இந்தக் கதை புதுசில்லை. 2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி வந்த பிறகு, வீட்டு விதை என்ற பேச்சே போய், பாக்கெட் விதை என்றாகிவிட்டது. காரணம் வேறு, அங்கே வீரிய ஒட்டு, இங்கே சட்ட எல்லை. முடிவு ஒன்றுதான். விதை விவசாயியின் குதிரில் இருந்து கம்பெனியின் குடோனுக்குப் போகிறது. ‘பாரம்பரிய மலை ரகம்’ என்று டேக்கில் எழுதி விற்கிறபோது, சட்டப்படி விளைய வேண்டுமானால் அந்தப் பாரம்பரிய ரகமே வயலை விட்டு வெளியேற வேண்டியிருக்கிறது என்பதை யாரும் எழுதுவதில்லை. எனக்கு இந்த விஷயத்தில் பெரிய உறுத்தல் இதுதான்.

கம்பெனி எப்படி?

இந்தியாவில் ஹெம்ப் என்றதும் முதலில் வருகிற பெயர் பாம்பே ஹெம்ப் கம்பெனி, சுருக்கமாக ‘போஹெகோ’. 2013இல் மும்பையில் நண்பர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. 2017இல் ரத்தன் டாடாவும் ராஜன் ஆனந்தனும் முதலீடு செய்ததும் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. கஞ்சாச் செடி என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டு மதிப்பான ஆட்களிடம் பணம் வாங்குவது நம் நாட்டில் லேசான காரியமில்லை. இந்தச் செடியை போலீஸ் பேச்சிலிருந்து தொழில் பேச்சுக்குக் கொண்டுவந்ததில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அதை மறுக்க முடியாது.

ஆனால் துணிக்காரன் கண்ணில் பார்த்தால் வேறு படம் தெரிகிறது. ‘பி லேபிள்’ என்று உடுப்பு பிராண்டு வைத்து நாரைப் பற்றி நிறையப் பேசினவர்கள், போகப் போக விதை எண்ணெய், ‘விஜயா’ என்கிற கஞ்சா இலைச் சாற்று ஆயுர்வேத மருந்து என்று ஆரோக்கியச் சந்தையின் பக்கம் சாய்ந்தார்கள். அவர்கள் மட்டுமில்லை, இந்தத் துறையில் பலர் போன வழி அதுவே. 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஹெம்ப் விதையையும் அதன் எண்ணெயையும் மாவையும் உணவாக ஏற்றுக்கொண்டதும் அந்த வழி இன்னும் அகலமாகிவிட்டது.

இதைத் துரோகம் என்று நான் சொல்ல மாட்டேன். கணக்கு அப்படி. எண்ணெய் ஆட்ட ஒரு செக்கு போதும். இலைச் சாறு எடுக்க ஒரு சின்ன ஆலை போதும். நாருக்கோ, தண்டை ஊறப்போட்டுப் பட்டையைத் தளர்த்தணும், மெஷினில் தக்கையைப் பிரிக்கணும், பசை நீக்கணும், இழையைப் பருத்தி அளவுக்கு வெட்டி மென்மையாக்கணும், அதன் பிறகுதான் ஸ்பின்னிங் மில் வாசல். இந்த நடுச் சங்கிலியில் முதல் போடுகிறவன்தான் இல்லை. மலையில் தண்டு இருக்கு, கோயம்புத்தூர்ல கதிர் ஓடுது, நடுவில் இருக்கிற 2,000 கிலோமீட்டருக்கு மேலான தூரத்தை விட பெரிய இடைவெளி இந்த ஆலைகள் இல்லாததுதான். ‘நாரால் உலகை மாற்றுவோம்’ என்று கிளம்புகிற எந்தக் கம்பெனியையும் இந்த நடுச் சங்கிலிக்கு என்ன செய்தது என்று கேட்டுத்தான் மார்க் போட வேண்டும். அந்தக் கேள்வியில் இந்தியக் கம்பெனிகள் இன்னும் பாஸ் ஆகவில்லை.

இந்த வேலையைப் பெரிய அளவில் செய்து முடித்தது சீனா. ஹெய்லோங்ஜியாங், யுன்னான் மாகாணங்களில் வயல், ஆலை, மில் எல்லாம் சங்கிலியாக நிற்கிறது. அதனால்தான் மலைப் படம் போட்ட டீ-ஷர்ட்டின் நூல் மலையிலிருந்து வந்ததா, கப்பலில் வந்ததா என்ற கேள்வி எழுகிறது.

துணி எப்படி?

என்னிடம் இருப்பது 55 சதவீதம் ஹெம்ப், 45 சதவீதம் காட்டன் என்று லேபிள் போட்ட ஒரு சிங்கிள் ஜெர்சி டீ-ஷர்ட். கடைப் பெயர் வேண்டாம். முதல் நாள் கழுத்தில் கொஞ்சம் குத்தியது. ஆறேழு துவைப்புக்குப் பிறகு நன்றாக இளகிவிட்டது. வேர்வையை உடனே குடித்துவிட்டுக் காய்கிறது; சித்திரை வெயிலுக்கு நல்ல துணி. லினன் மாதிரி கசங்கும். வெளிச்சத்தில் பிடித்தால் தடித்த இடமும் மெலிந்த இடமும் கோடு கோடாகத் தெரியும். இதைக் குறை என்பவரும் உண்டு, அழகு என்பவரும் உண்டு. நான் அழகு கட்சி.

நிட்டிங்காரர்களுக்கு இது தலைவலி நூல். பனியன் துணி என்பதே நூலை வளைத்து வளைத்துக் கண்ணி போடுவது. பருத்தி இழை அறுகிறதற்கு முன் சுமார் 7 சதவீதம் நீளும்; ஹெம்ப் இழை 2 சதவீதத்தைச் சுற்றித்தான். ஊசி இழுக்கிற இழுப்புக்கு வளைந்து கொடுக்காது. நூல் அறுந்து ஓட்டை விழும், தூசு பறக்கும், மெஷினை வேகம் குறைத்து ஓட்டணும். லீவைஸ் 2019இல் ஹெம்ப் கலந்த உடுப்பு வெளியிட்டபோதுகூட 69க்கு 31 என்று பருத்தியைத்தான் தூக்கலாக வைத்தார்கள். தறிக்கு ஒத்துப்போகிற இந்த நார், நிட்டிங்குக்குக் கெஞ்சிக் கூப்பிட்டால்தான் வரும்.

அடுத்தது தண்ணீர். ‘பருத்தியை விட மிகக் குறைந்த தண்ணீர்’ என்று டேக்கில் போடுகிறார்கள். வயலைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. ஆனால் தண்டைக் குளத்தில் ஊறப்போட்டால் அந்தத் தண்ணீர் அழுகி நாறும்; ஐரோப்பாவில் இதனாலேயே பனியில் போட்டுப் பதப்படுத்தும் முறைக்குப் போனார்கள். அதன் பிறகு பசை நீக்கக் காரம் போட்டு வேகவைக்க வேண்டும். அப்புறம் வழக்கமான சாயம். நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பார்த்தவர்களுக்கு, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் எல்லாம் மூடப்பட்டதை வாழ்ந்து பார்த்தவர்களுக்கு, ஒரு விஷயம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துணியின் தண்ணீர்க் கணக்கு வயல் வரப்போடு முடிவதில்லை. ஆலைத் தண்ணீரைச் சேர்க்காமல் சொல்கிற எந்தக் கணக்கையும் திருப்பூர்க்காரன் நம்பக் கூடாது.

லேபிளை எப்படிச் சோதிப்பது?

லேப்பில் கொடுத்தால் இழை என்ன செடி என்று சொல்வார்கள். அதுவும் சுலபமில்லை, மைக்ராஸ்கோப்பில் ஹெம்ப்பும் லினனும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். நனைத்த இழையைக் காயவிட்டால் லினன் ஒரு பக்கமும் ஹெம்ப் எதிர்ப்பக்கமும் முறுக்கிக்கொள்ளும் என்பது பழைய சோதனை. ஆனால் எந்தச் சோதனையும் இழை எந்த மலையில் விளைந்தது என்று சொல்லாது.

அதற்குக் காகிதம்தான் வழி. சுங்கப் பட்டியலில் ஜூட் நாருக்கு 5303, அசல் ஹெம்ப் நாருக்கு 5302, ஹெம்ப் நூலுக்கு 5308.20. நூல் இறக்குமதி என்றால் சரக்கு உள்ளே வந்தபோது போட்ட பில்லில் எண்ணும் நாடும் இருக்கும். உள்நாட்டு நார் என்றால் சாகுபடி உரிமமும் டி.எச்.சி. சோதனை அறிக்கையும் இருக்கணும். மெர்ச்சண்டைசராக இருக்கிற தம்பி தங்கைகள் நூல் கொடுக்கிறவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: விதை யாருடையது? நாரைப் பிரித்த ஆலை எங்கே? நூற்ற மில் எது? மூன்றுக்கும் பதில் வந்தால் டேக்கில் என்ன படம் வேண்டுமானாலும் போடலாம். வராவிட்டால் ‘ஹெம்ப் கலந்தது’ என்று மட்டும் போடுங்கள், மலையை விட்டுவிடுங்கள்.

சீன நூல் மட்டம் என்பது என் வாதமில்லை. இன்றைக்குப் பனியனுக்கு ஏற்ற சீரான ஹெம்ப் நூல் வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். சீன நூலை இமயமலை விவசாயியின் பெயரில் விற்றால்தான் கோபம் வரும். வாங்குகிறவர் கூடுதலாகக் கொடுக்கிற பணம் அந்த மலைக் குடும்பத்துக்குப் போகிறது என்று நம்பித்தான் கொடுக்கிறார்.

என் மதிப்பீடு இதுதான். ரகம் அருமை, ஆனால் சட்டம் அதைக் காப்பாற்றவில்லை. மலை ரகத்திலிருந்தே டி.எச்.சி. குறைந்த விதையைத் தேர்ந்து விவசாயிக்குப் பொதுவில் கொடுக்கிற வேலையை அரசு ஆராய்ச்சி நிலையங்கள் எடுத்துச் செய்ய வேண்டும். கம்பெனி பேச்சைத் தொடங்கி வைத்தது, நூலில் முடிக்கவில்லை. துணி நல்ல துணி, பருத்தியோடு சேர்த்துக் கட்டினால் நம் வெயிலுக்கு ஏற்றது. வாங்கலாம். டேக்கில் இருக்கிற மலைக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.