மண்விளையில் பிறந்த மடிக்கணினி

கேரளத்து மடிக்கணினி நிறுவனமான கோகோனிக்ஸின் 11.6 அங்குலச் சின்ன மாடலைக் கையில் எடுத்ததுமே அது யாருக்கானது என்று புரிந்துவிடுகிறது. பள்ளிக்கூடப் பையில் நோட்டுகளுக்கு நடுவே செருகிவிடலாம். உள்ளே இன்டெல் செலரான், 4 ஜிபி ராம், 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகம்.

பிறந்த இடம் திருவனந்தபுரம், மண்விளை. கேரள அரசின் மின்னணு நிறுவனமான கெல்ட்ரானின் வளாகத்தில், வருடத்துக்கு இரண்டரை லட்சம் கணினி என்ற கனவோடு தொடங்கிய ஆலை. தொடங்கியபோது பங்குகளில் ஐடி நிறுவனமான யு.எஸ்.டி. குளோபலுக்கு 49 சதவீதம், கெல்ட்ரானுக்கு 26, மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகத்துக்கு 23, மிச்சம் அக்சிலரானுக்கு. 2019இல் மூன்று மாடல்களைக் காட்டினார்கள். 1973இல் டிவியும் ரேடியோவும் செய்யக் கிளம்பிய கெல்ட்ரானுக்கு இது இன்னொரு ஜென்மம். ‘கேரளத்தின் சொந்த லேப்டாப்’ என்ற விளம்பரத்தை மட்டும் கொஞ்சம் தள்ளியே வைத்துப் பார்க்க வேண்டும். சிப்பு இன்டெலுடையது, இங்கே நடப்பது பொருத்துவதும் சோதிப்பதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பெரிய பிராண்டுகள் பலவும் பொருத்தித்தான் விற்கின்றன.

சரி, ஓட்டம் எப்படி? லிப்ரே ஆபீஸில் கட்டுரை அடிக்க, ஒரு வகுப்பு வீடியோ பார்க்க, தாராளம். குரோமில் ஏழெட்டு டேப் திறந்தால் 4 ஜிபி மூச்சு வாங்கும். இந்த ராமோடு வரும் எந்தக் கணினிக்கும் அதே கதிதான். எனக்கு உறுத்துவது 64 ஜிபிதான். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்ச இடமே 32 ஜிபி. பாதி வீட்டை வாடகைக்காரரே எடுத்துக்கொண்டால் பையனின் ஃபைல்கள் எங்கே போகும்? இஎம்எம்சியை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், பிறகு கழற்றி மாற்றவும் முடியாது.

இந்தச் சிக்கனத்துக்குக் காரணம் விலை. கொரோனா காலத்தில் கேரள அரசின் சீட்டு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ.யும் மகளிர் சுய உதவி அமைப்பான குடும்பஸ்ரீயும் நடத்திய வித்யாஸ்ரீ திட்டத்தில் மாதம் 500 ரூபாய், 30 தவணை; மொத்தம் 15,000க்குள் ஒரு மடிக்கணினி. அந்தத் திட்டத்தில் போன கோகோனிக்ஸ் கணினிகள்மேல் 2021இல் வந்த புகார்கள் செய்தியாகி, பெயரைக் கெடுத்தன. 2023 ஜூலையில் நான்கு புது மாடல்களோடு திரும்பி வந்தார்கள்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். கேரளப் பள்ளிகளில் ஓடுவதே உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ‘கைட்’ லினக்ஸ்தான். அதை ஏற்றிவிட்டால் பள்ளிப் பாடத்துக்கான மென்பொருள்களும் கூடவே வந்துவிடும், காசும் இல்லை.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் ஒரே கணினி இதுவாகத்தான் இருக்கப்போகிறது என்றால், பணத்தைக் கொஞ்சம் கூட்டி 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் உள்ளதற்குப் போங்கள்.