கோத்ரெஜ் பீரோ: பொதுச்சொல்லான ஒரு குடும்பப்பெயர்

கோத்ரெஜ் பீரோ என்பது இரும்புத் தகட்டால் செய்து, பூட்டும் கைப்பிடியும் பொருத்திய அலமாரிக்குத் தமிழகத்தில் வழங்கும் பெயர். பேச்சில் ‘காட்ரேஜ்’ என்றும் வரும். துறையூர்ப் பக்கம் கல்யாணச் சீர் பேசும்போது, கட்டில், மெத்தை, கிரைண்டரோடு “காட்ரேஜ் பீரோ ஒண்ணு” என்று சொன்னால் மும்பை நிறுவனத்தின் பீரோதான் வேண்டும் என்று பொருளல்ல. உள்ளூர்ப் பட்டறையில் தகடு மடித்து, வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்த பீரோவும் அந்தப் பெயருக்குள் அடங்கிவிடும்.

தமிழில் இது அபூர்வமான பெயரீடு. நாற்காலி வடிவத்தால் பெயர் பெற்றது. மேசையும் அலமாரியும் போர்ச்சுகீசியச் சொற்களிலிருந்து வந்தவை. எழுதும் மேசையைக் குறித்த பிரெஞ்சுச் சொல் ஆங்கிலம் வழியாக இங்கு வந்து ‘பீரோ’ ஆகித் துணி அடுக்கும் பெட்டிக்கு நின்றுவிட்டது. தலைமுறை தலைமுறையாக மரச்சாமான் செய்த ஆசாரி எவர் பெயரும் எந்தச் சாமானிலும் தங்கவில்லை. தங்கியது ஒரு பார்சிக் குடும்பத்தின் பெயர்.

அந்தப் பெயருக்குரிய ஆர்தேஷிர் கோத்ரெஜ் (1868–1936) சட்டம் படித்தவர். வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டு, 1897-இல் பம்பாயில் பூட்டுத் தயாரிப்பைத் தொடங்கினார். அடுத்து இரும்புப் பெட்டகங்கள் வந்தன. எஃகு பீரோ வந்தது 1923-இல். இந்த வரிசை முக்கியமானது. மக்களின் நம்பிக்கையைச் சம்பாதித்தவை பூட்டும் பெட்டகமும். அந்த நம்பிக்கையைச் செலவழித்தது பீரோ. பெட்டகத்தின் சுவர் கனமானது, தீயைத் தாங்கும் நிரப்புப் பொருள் கொண்டது. பீரோவோ பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகடு. உடை மடிப்புக் கலையாமல், கரையான் அரிக்காமல் வைத்துக்கொள்ள அது அருமையான சாமான். ஆனால் பெண்ணுக்குப் போட்ட நகை முழுவதையும் அதன் உள் லாக்கரில் வைக்கும் வழக்கம், பெட்டகத்துக்கு உரிய மதிப்பைத் தகட்டுக்குக் கொடுத்ததால் வந்தது. “பீரோவை உடைத்து” என்ற தொடர் நாளிதழ்களுக்கு மனப்பாடம். பல வீடுகளில் உடைக்க வேண்டிய அவசியமும் இல்லை. சாவி பீரோவின் தலைமேலேயே இருக்கும். ஜன்னல் வழியே கம்பியால் பீரோவை அருகே இழுத்துத் திருடும் முறைக்குச் சென்னையில் ‘பீரோ புல்லிங்’ என்று தனிப்பெயரே உண்டு.

அமெரிக்காவில் இதற்கு இணையான பெயர் ‘ஸ்டிக்லி’. நேர்கோடுகளால் ஆன, அலங்காரமற்ற ஓக் மரச்சாமானை நினைவூட்டும் சொல்லாக அது நிலைத்துவிட்டது. குஸ்தாவ் ஸ்டிக்லி (1858–1942) மரத்தின் இயல்பான வரி தெரியும்படி பலகை அறுத்தார். அம்மோனியா ஆவியில் மரத்தைக் கருக்க வைத்தார். ஒரு சட்டம் மற்றொன்றின் துளையில் புகும் கழுந்தை மறைக்காமல் வெளியே தெரிய விட்டார். ‘தி கிராஃப்ட்ஸ்மேன்’ என்ற இதழை 1901 முதல் நடத்தி, எளிய வீட்டுக்கு நேர்மையான சாமான் என்று வாதாடினார். 1915-இல் அவர் தொழில் திவாலானது. தம்பியர் லியோபோல்டும் ஜான் ஜார்ஜும் நடத்திய நிறுவனத்தின் வழியாகக் குடும்பப்பெயர் நீடித்தது. சாதாரண வீட்டை எண்ணிச் செய்யப்பட்ட அந்த வகைச் சாமானில் ஒன்றை 1988-இல் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசண்ட் ஏலத்தில் 3,63,000 டாலருக்கு வாங்கினார்.

இரண்டு பெயர்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஸ்டிக்லி பாணியை யார் நகலெடுத்தாலும் இணைப்பு கண்ணுக்குத் தெரியும். கழுந்து உண்மையில் துளைக்குள் போகிறதா, ஒட்டவைத்த துண்டா என்று வாங்குபவர் தட்டிப் பார்க்கலாம். பீரோவில் தரம் முழுவதும் பெயின்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கைப்பிடியைத் திருப்பினால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் தாழ்கள் பாய்கின்றனவா, அல்லது ஒரு தாழ் மட்டும் பேருக்கு அசைகிறதா என்பது கதவைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். தகட்டின் கனம் அதுவும் தெரியாது. 20 கேஜ் என்பது சுமார் 0.9 மி.மீ.; 22 கேஜ் 0.7 மி.மீ. எண் கூடினால் கனம் குறையும் என்பதை அறியாதவருக்கு 22 என்பது உயர்வாகவே காதில் விழும். பொருளைச் சோதிக்க வழியில்லாத இடத்தில்தான் பெயர் உதவ வேண்டும். அங்கேயே அது பொதுச்சொல்லாகிக் கைவிட்டது.

இதற்குப் பட்டறைக்காரரைக் குறை சொல்வது எளிது, நியாயமல்ல. நிறுவனப் பீரோவின் விலை எட்டாத குடும்பங்களுக்கு அவர்தான் பீரோ கொடுத்தார். கனமான தகடு கேட்டால் அதிலும் செய்து தருவார்; கண்ணாடி எந்தக் கதவில், உள்ளே சேலை தொங்கவிடக் கம்பி எவ்வளவு உயரத்தில் என்பதெல்லாம் வாங்குபவர் சொற்படி. பல நேரம் அவர் தன் பெயரையோ ஊர்ப்பெயரையோ எழுதிய சிறு தகட்டையும் கதவில் பதிக்கிறார். வாங்கியவர்கள் அதைப் படிப்பதில்லை.

நிறுவனத்தின் பீரோவையே கேட்டு வருபவருக்கு இப்போது பழைய சொல் போதவில்லை. “ஒரிஜினல் காட்ரேஜா?” என்று கேட்டுத்தான் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.